மெய்நிகர் நோயாளியும் செவிலியர் பயிற்சியும்

மெய்நிகர் நோயாளி என்பவர் கணினித் திரையில் தோன்றும் ஒரு கற்பனை நோயாளி. அவருக்கென்று ஒரு வயது, ஒரு நோய் வரலாறு, ஓர் உடல்நிலை உண்டு. செவிலிய மாணவர் அவரிடம் கேள்வி கேட்கிறார், நாடி பார்க்கிறார், மருந்து கொடுக்கிறார், தேவைப்பட்டால் மருத்துவரை அழைக்கிறார். செய்தது சரியானால் நோயாளி தேறுகிறார். தவறினாலோ தாமதித்தாலோ அவரது நிலை மோசமாகிறது. சில நிகழ்வுகளில் இறந்தும் போகிறார். இவ்வகைப் பயிற்சியைக் கல்லூரிகளில் சிமுலேஷன் என்ற சொல்லாலேயே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். தமிழில் இதைப் பாவனைப் பயிற்சி எனலாம்.

நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதே செவிலியப் பயிற்சியின் மரபான வழி. அந்த வழியில் ஓர் இடைவெளி உண்டு. மாணவர் எதைக் கற்கிறார் என்பதை அன்று வார்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பல வாரங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்தும், ரத்தம் ஏற்றும்போது ஒவ்வாமை ஏற்பட்ட ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஒருவர் பயிற்சியை முடிக்கலாம். அப்படி ஒன்று நேர்ந்தாலும் மாணவருக்கு அதில் பெரிய வேலை இருக்காது. அனுபவமுள்ளவர்கள் ஓடிவந்து படுக்கையைச் சூழ்ந்துகொள்வார்கள். மாணவர் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். நோயாளியின் நலன் கருதி அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அதே மாணவர் பட்டம் பெற்றுச் சில மாதங்களில் இரவுப் பணியில் நிற்கும்போது, முதலில் கவனிக்க வேண்டியவரும் முடிவெடுக்க வேண்டியவரும் அவராகவே இருப்பார்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு பழைய அளவீடே சான்று. 1992-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி சில்பரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 'மீட்கத் தவறுதல்' என்ற கருத்தை முன்வைத்தனர். அறுவைக்குப் பின் ஒருவருக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் அவரது வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்தது. சிக்கல் வந்த பிறகு அவர் பிழைப்பதில் மருத்துவமனையின் பங்கு பெரிது என்பது அதன் சாரம். படுக்கையருகே நாள் முழுதும் இருப்பவர் செவிலியர் என்பதால், சிக்கலின் முதல் அறிகுறி பெரும்பாலும் அவர் கண்ணில்தான் படுகிறது. அல்லது படாமல் போகிறது.

பொம்மையிலிருந்து திரைக்கு

பாவனை நோயாளி செவிலியர் பள்ளிகளுக்குப் புதியவர் அல்லர். 1911-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்காக ஆளுயரப் பொம்மை ஒன்று செய்யப்பட்டது. செய்தவர் ரோட் ஐலண்டு மாநிலத்தில் குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்துவந்த மார்த்தா ஜெங்க்ஸ் சேஸ். அந்தப் பொம்மைக்கும் 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் நிலைத்தது. நோயாளியைப் படுக்கையில் திருப்பவும், தூக்கவும், உடை மாற்றவும் மாணவியர் அதை வைத்துப் பழகினார்கள். பின்னர் வந்த வடிவங்களில் ஊசி போடும் இடமும் சேர்ந்தது. 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீட்கும் பயிற்சிக்காக 'ரெசசி ஆன்' பொம்மையை உருவாக்கினார். மார்பு ஏறி இறங்கி, நாடி துடிக்கும் இன்றைய ஆய்வகப் பொம்மைகள் இவற்றின் வழிவந்தவை. அவை விலை மிகுந்தவை. தனி அறையும் இயக்க ஆளும் வேண்டும். ஒரு நேரத்தில் சிலர் மட்டுமே பயில முடியும்.

திரை நோயாளியின் கதையும் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1960-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தலைமையில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு உருவாகிவந்தது. அவருடைய மனைவி மேரியன் பிட்சர் ஒரு செவிலியர். அந்த அமைப்பைக் கொண்டு மெர்சி மருத்துவமனைப் பள்ளியின் செவிலிய மாணவியருக்கு அவர் ஒரு பாடம் அமைத்தார். பாடத்தின் மையம் மாரடைப்பு வந்த ஒரு நோயாளி. கணினி வரிசையாகப் பாடம் சொல்லவில்லை. மாணவி விசைகளை அழுத்தித் தனக்கு வேண்டிய தகவலைத் தானே கேட்டுப் பெற வேண்டும். என்ன பராமரிப்பு தரலாம் என்று தானே முயன்று பார்க்க வேண்டும். இதைப் பற்றிய அவரது கட்டுரை 1966-இல் ஒரு செவிலிய ஆய்விதழில் வெளியானது. வீட்டில் யாரிடமும் கணினி இல்லாத காலம் அது. அதற்குப் பிறகு படமும் ஒலியும் வேகமும் எவ்வளவோ மாறிவிட்டன. எதைக் கேட்பது என்று மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு நிகழ்வு எப்படி நடக்கிறது

இன்று பரவலாக அறியப்பட்ட மென்பொருள்களில் ஒன்று விசிம். லேர்டால் நிறுவனமும் வோல்டர்ஸ் குளூவர் பதிப்பகமும் இணைந்து வெளியிட்டது. ரத்தம் ஏற்றும்போது ஒவ்வாமை, ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிதல், ஆஸ்துமா முற்றுதல், வலி மருந்தால் மூச்சு மந்தமாதல் போன்ற நிகழ்வுகளை இவ்வகை மென்பொருள்களில் காணலாம். கடைசியாகச் சொன்ன நிகழ்வை மாதிரிக்கு எடுத்துக்கொண்டால் இந்தப் பயிற்சி எதைச் சோதிக்கிறது என்பது விளங்கும்.

கருப்பை அகற்றும் அறுவை முடிந்து சில மணி நேரமான பெண் ஒருவர் படுத்திருக்கிறார். வலிக்கு மார்பின் போகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. முந்தைய பணிநேரச் செவிலியர், வலி நன்றாகக் குறைந்துவிட்டது, நோயாளி தூங்குகிறார் என்று சொல்லி ஒப்படைக்கிறார். மாணவர் கை கழுவ வேண்டும். பெயரையும் அடையாளப் பட்டையையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் நோயாளிக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் மென்பொருள் குறித்துவைத்துக்கொள்ளும்.

பிறகுதான் உண்மையான கேள்வி. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 95 விழுக்காடு தெரிகிறது. ரத்த அழுத்தம் சற்றே குறைவு. கூப்பிட்டால் நோயாளி கண் திறக்கிறார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அது முடியும் முன்பே மீண்டும் உறங்கிவிடுகிறார். 'பாவம், வலி குறைந்து இப்போதுதான் தூங்குகிறார், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று மாணவர் நினைத்து நகரலாம். மனிதத்தன்மையுள்ள எண்ணம்தான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இந்த நோயாளி விடுவது 8. கூடுதல் ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் ஆக்சிமீட்டர் எண் நெடுநேரம் நன்றாகவே காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டிருப்பதை அது காட்டாது. மூச்சு குறைவதற்கு முன்பே வரும் அறிகுறி இந்த அளவுமீறிய உறக்கம்தான். அதை நிம்மதி என்று படித்தவருக்கும் எச்சரிக்கை என்று படித்தவருக்கும் இடையே நோயாளியின் உயிர் இருக்கிறது.

மாணவர் நகர்ந்துவிட்டால் திரையின் கடிகாரம் நிற்பதில்லை. மூச்சு 8-இலிருந்து 6 ஆகிறது, பிறகு 4. ஆக்சிஜன் அளவு அப்போதுதான் சரியத் தொடங்குகிறது. கவனித்தவர் மார்பினை நிறுத்துகிறார், நோயாளியை உரக்க அழைத்து எழுப்புகிறார், மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார், மருத்துவரை அழைத்துச் சுருக்கமாக நிலைமையைச் சொல்கிறார். உத்தரவின் பேரில் நலோக்சோன் தரப்படுகிறது. இது மார்பினின் விளைவை முறிக்கும் மருந்து. சிறுசிறு அளவாகத் தர வேண்டும். ஒரேயடியாகத் தந்தால் வலி முழுவதும் திரும்பிவந்து நோயாளி துடித்துப்போவார்.

நோயாளி கண் விழித்துப் பேசியதும் பல மாணவர்கள் முடிந்தது என்று எண்ணக்கூடும். நலோக்சோனின் ஆற்றல் மார்பினுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே சிறிது நேரத்தில் நோயாளி மறுபடியும் அதே உறக்கத்தில் ஆழலாம். நல்ல நிகழ்வாக்கம் இந்த இரண்டாம் வலையையும் வைத்திருக்கும்.

பாடப்புத்தகத்தில் இவை அனைத்தும் இரண்டு பத்திகளில் இருக்கின்றன. தேர்வில் கேட்டால் மாணவர் எழுதியும் விடுவார். எழுதத் தெரிந்தவர் ஏன் கவனிக்கத் தவறுகிறார் என்பதற்குக் கிறிஸ்டின் டேனர் 2006-இல் முன்வைத்த செவிலியத் தீர்மான மாதிரி ஒரு விளக்கம் தருகிறது. கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படுதல், பின்னோக்கிச் சிந்தித்தல் என நான்கு கூறுகள் அதில் உண்டு. தேர்வு வினாத்தாள் 'மூச்சு வீதம் 8' என்று தானே சொல்லிவிடுகிறது. அதாவது முதல் கூற்றை மாணவருக்குப் பதிலாக வினாத்தாளே முடித்துவிடுகிறது. திரை நோயாளி எதையும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

உள்ளே இயங்குவது

இந்த மென்பொருள்கள் பொதுவாக இரண்டு வழிகளில் அமைகின்றன. ஒன்று கிளைவழி அமைப்பு: மாணவர் முன் சில தேர்வுகள் வைக்கப்படும், எதைத் தேர்ந்தாலும் அதற்கென எழுதிவைத்த அடுத்த காட்சி வரும். கதையின் எல்லாக் கிளைகளும் முன்பே எழுதப்பட்டவை. உருவாக்குவது எளிது, ஆசிரியர் ஒருவரே எழுதிவிடலாம். ஆனால் நான்கு விடைகளைக் கண்ணெதிரே வைத்தால் அது மீண்டும் தேர்வுத்தாள் போலாகிவிடும். மற்றொன்றில் நோயாளியின் இதயத்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவை கணக்கீடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். மருந்து எவ்வளவு, எப்போது தரப்பட்டது என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். நேரம் ஓடுவதால் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் இங்கே ஒரு முடிவாகிவிடுகிறது.

உரையாடலை மையமாகக் கொண்ட வகையும் உண்டு. ஷேடோ ஹெல்த் என்ற அமெரிக்க மென்பொருளில் டினா ஜோன்ஸ் என்ற நோயாளி வருகிறார். வயது 28; நீரிழிவும் ஆஸ்துமாவும் உண்டு; காலில் ஏற்பட்ட காயம் ஆறாமல் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். மாணவர் கேள்விகளைத் தட்டச்சு செய்தோ பேசியோ கேட்க வேண்டும். காயத்தைப் பற்றி மட்டும் கேட்பவருக்குக் காயத்தின் கதை மட்டுமே கிடைக்கும். நீரிழிவு மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்பதைக் கேட்டால்தான் சொல்வார். நோயாளி தன் வேதனையையோ அச்சத்தையோ சொல்லும் இடங்களில் மாணவர் ஆறுதலாக ஒரு சொல் சொன்னாரா என்பதும் மதிப்பிடப்படுகிறது. இயந்திரத்துக்கு ஆறுதல் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் அடுத்த கேள்விக்குத் தாவும் பழக்கம் இளம் செவிலியர்களிடம் உண்மையிலேயே உண்டு. அதை நிறுத்தி யோசிக்க வைக்க இது உதவுகிறது.

பயிற்சிக்குப் பின் பேசுவது

நிகழ்வு முடிந்ததும் மென்பொருள் ஒரு பதிவேட்டைத் தரும். எந்த நிமிடத்தில் என்ன செய்யப்பட்டது, எது விடுபட்டது, மதிப்பெண் எவ்வளவு என்பவை அதில் இருக்கும். பயிற்சி அத்துடன் முடிந்ததாக விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும். 62 மதிப்பெண் வாங்கிய மாணவர், விடுபட்டவற்றைப் பார்த்து மறுபடி ஓட்டி 90 வாங்கலாம். எந்த வரிசையில் எதைச் சொடுக்க வேண்டும் என்பதை அவர் கற்றிருப்பார். முதல் முறை ஏன் நகர்ந்து போனார் என்பது அவருக்கே தெரியாது.

அந்த 'ஏன்' ஆசிரியருடன் நடக்கும் பின்கலந்துரையாடலில்தான் வெளிவருகிறது. ஆசிரியர்கள் இதை டிபிரீஃபிங் என்பார்கள். 'நோயாளி தூங்கிக்கொண்டிருந்தபோது என்ன நினைத்தீர்கள்?' என்ற கேள்விக்கு, 'ஆக்சிமீட்டர் நன்றாகக் காட்டியது, அதனால் கவலைப்படவில்லை' என்று மாணவர் சொன்னால், பிழை இருக்குமிடம் தெரிந்துவிடும். கவனக்குறைவு இல்லை, ஒரு கருவியைப் பற்றிய தவறான நம்பிக்கை. இரண்டுக்கும் திருத்தும் வழி வேறு. இந்த உரையாடலில் மாணவரைக் கேலி செய்தாலோ மதிப்பெண்ணைச் சொல்லி அதட்டினாலோ அடுத்த முறை அவர் தான் நினைத்ததை மறைத்துவிடுவார். மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள் இதற்கு ஆசிரியரைப் பயிற்றுவிக்க ஒதுக்கத் தயங்குவது, குதிரை வாங்கிக் கடிவாளத்தை மறப்பது போன்றது.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் மாநிலச் செவிலிய வாரியங்களின் தேசியக் குழு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. பத்துக் கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வழக்கம்போல் வார்டில் பயின்றது. பாவனைப் பயிற்சி 10 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. மற்ற இரண்டு குழுக்களுக்கு வார்டு நேரத்தில் 25, 50 விழுக்காடு பாவனைப் பயிற்சியாக மாற்றப்பட்டது. இறுதிவரை இருந்தவர்கள் 666 பேர். படிப்பு முடிவில் அறிவிலும் திறனிலும், உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற்றதிலும் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதங்களிலும் அவ்வாறே.

இந்த முடிவைக் காட்டி, பாதி வார்டு நேரத்தைக் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று வாதிடுவது சரியன்று. அந்த ஆய்வில் பொம்மைகளும், நோயாளியாக நடிப்பவர்களும், பாத்திரமேற்று நடித்தலும் இருந்தன. திரைவழிப் பயிற்சி அதில் ஒரு பகுதி மட்டுமே. தவிர, பங்கேற்ற நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தரப்பட்டிருந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் கலந்துரையாடல் நடந்தது.

திரை நோயாளியை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மருத்துவம், செவிலியம் முதலிய துறைகளில் நடந்த 51 சோதனைகளை ஆராய்ந்தது. அறிவைப் பொறுத்தவரை வழக்கமான கற்பித்தலுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. திறன்களில் மெய்நிகர் நோயாளியுடன் பயின்றவர்கள் மேலாக இருந்தார்கள். செவிலியத்துக்கு மட்டுமான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 80 ஆய்வுகளைப் பார்த்தது. அவற்றில் 86 விழுக்காடு சாதகமானவை. ஆனால் இத்துறை ஆய்வுகளில் பல அளப்பது மாணவரின் மனநிறைவையும் தன்னம்பிக்கையையும். தன்னம்பிக்கை கூடியவர் திறமையும் கூடியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வார்டில் உண்மையான நோயாளிகள் இதனால் எந்த அளவு பயன்பெற்றார்கள் என்பதை அளப்பது கடினம். அத்தகைய ஆய்வுகள் குறைவு.

திரையால் முடியாதவை

தொடுதல் இல்லை. நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றுவதையோ, புண்ணைக் கட்டுவதையோ, கனத்த நோயாளியை முதுகு நோகாமல் திருப்புவதையோ சுட்டியைச் சொடுக்கிக் கற்க முடியாது. இது எல்லோரும் அறிந்த குறை. அதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. திரையில் மூச்சு வீதம் என்ற பொத்தானை அழுத்தினால் 8 என்ற எண் வந்துவிடும். வார்டில் அந்த எண் எங்கும் எழுதியிருக்காது. ஒரு முழு நிமிடம் கடிகாரத்தையும் மார்பையும் மாறிமாறிப் பார்த்து எண்ண வேண்டும். அதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிடுவார், உறவினர் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டுவார். முப்பது படுக்கைக்கு ஒருவர் நிற்கும் இரவில், எண்ணாமலே 18 என்று எழுதிவிடும் பழக்கம் எப்படி வருகிறது என்பதை ஒரு நோயாளி மட்டுமே உள்ள திரை காட்டாது. சில புதிய மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பல நோயாளிகளைத் தந்து இந்த நெருக்கடியை ஓரளவு கொண்டுவர முயல்கின்றன.

இதனால் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதை அளவோடு அனுமதிக்கின்றன. பிரிட்டனில் செவிலிய மாணவர் 2,300 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றின்போது வார்டுகளுக்கு மாணவர்களை அனுப்ப முடியாத நிலையில், 2021-இல் அதில் 300 மணி நேரம் வரை பாவனைப் பயிற்சியாக இருக்கலாம் என்று அங்குள்ள செவிலிய மன்றம் அனுமதித்தது. பின்னர் அது 600 மணி நேரமாக உயர்ந்தது. இந்தியாவில் இந்தியச் செவிலிய மன்றம் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் பாவனைப் பயிற்சியைப் பாடங்களுக்குள் சேர்த்திருக்கிறது. அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலிலிருந்து, படிப்படியாக விரியும் நோயாளி நிகழ்வுகளைக் கொண்டு கேள்வி கேட்கிறது. இந்தியாவிலிருந்து அந்தத் தேர்வை எழுதும் செவிலியர்களுக்கும் இவ்வகைப் பயிற்சி இப்போது தேவையாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. செவிலியப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. சந்தையில் உள்ள பெயர்பெற்ற மெய்நிகர் நோயாளிகளும் ஆங்கிலமே பேசுகிறார்கள். அரசு மருத்துவமனைக்கு வருபவர் 'நெஞ்சைப் பிசையுது' என்பார், 'கிறுகிறுன்னு வருது' என்பார், 'அடிவயிறு இழுத்துப் பிடிக்குது' என்பார். 'நெஞ்சு கரிக்குது' என்று ஒருவர் சொல்வது வெறும் நெஞ்செரிச்சலாகவும் இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் செவிலியரின் தேர்ச்சி தெரியும். அண்மைக்கால உரையாடல் மென்பொருள்களைக் கொண்டு தமிழில் பேசும் நோயாளியை உருவாக்குவது முன்பைவிட எளிது. ஆனால் அவை கேட்ட கேள்விக்கு ஏற்றபடி இல்லாத அறிகுறியைச் சேர்த்துச் சொல்லிவிடக்கூடும் என்பதால், நோயாளி சொல்ல வேண்டியதையும் சொல்லக் கூடாததையும் செவிலிய ஆசிரியர்களே முன்கூட்டி எழுதித் தர வேண்டியிருக்கிறது. மதுரையில் சொல்லும் சொல்லும் நாகர்கோவிலில் சொல்லும் சொல்லும் வேறு என்பதால், அந்தப் பட்டியலைப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கேட்டுத்தான் தொகுக்க முடியும்.